ஃபோர்டுக்காரர்களும் டொயோட்டாக்காரர்களும் எதற்காக மோதிக்கொள்கிறார்கள்? அமெரிக்க பிக்கப் சண்டையின் பின்னணி

கேள்வி: டெக்சாஸில் சான் அன்டோனியோவுக்கு வேலைக்கு வந்திருக்கிறேன். ஆபீசில் பாதிப் பேர் பிக்கப் ட்ரக் ஓட்டுகிறார்கள். ஃபோர்டு, செவி (செவ்ரோலே), ராம் வைத்திருப்பவர்கள் டொயோட்டா வைத்திருப்பவரை "வெளிநாட்டு வண்டிக்காரர்" என்று சீண்டுகிறார்கள். அவரோ, "என் வண்டி இரண்டு லட்சம் மைல் ஓடிவிட்டது, உன்னுடையது எத்தனை தடவை மெக்கானிக்கிடம் போனது?" என்று திருப்பிக் கொடுக்கிறார். விளையாட்டாக ஆரம்பித்தது, ஒரு நாள் முகம் கொடுத்துப் பேசாத அளவுக்குப் போய்விட்டது. எனக்கும் ஒரு பழைய பிக்கப் வாங்கும் யோசனை இருக்கிறது. இந்தச் சண்டை எங்கிருந்து வந்தது? யார் சொல்வது சரி?

பதில்:

உங்கள் ஊரின் தெற்குப் பக்கத்தில்தான் டொயோட்டாவின் பெரிய பிக்கப்பான டண்ட்ரா தயாராகிறது. 2006-இல் உற்பத்தி தொடங்கிய தொழிற்சாலை அது. இன்று அமெரிக்காவில் விற்கும் டண்ட்ராக்கள் எல்லாம் அங்கிருந்துதான் வெளியே வருகின்றன. அதற்கு முன்பு இண்டியானா மாநிலத்தின் பிரின்ஸ்டனில் செய்தார்கள். ஜப்பானில் செய்து கப்பலில் ஏற்றி இங்கே கொண்டுவந்த டண்ட்ரா என்று ஒன்று கிடையாது. அதே சமயம், உங்கள் பார்க்கிங்கில் நிற்கும் செவி சில்வராடோ மெக்சிகோவின் சிலாவோ நகரத்தில் பிறந்ததாக இருக்கலாம். ஊர் முகவரியை வைத்துப் பார்த்தால் உங்கள் ஆபீஸ்காரர்களின் கிண்டலுக்கு அடிப்படையே இல்லை.

ஆனால் இதை அவர்களிடம் சொன்னால் சண்டை ஓய்ந்துவிடாது. நான் மிச்சிகனில் பல வருடம் வண்டி உதிரிபாகத் தொழிலில் இருந்தவன். டெட்ராய்ட் கம்பெனிகளுக்கும் (ஃபோர்டு, செவியின் ஜெனரல் மோட்டார்ஸ், ராமின் கிரைஸ்லர்) ஜப்பான் கம்பெனிகளுக்கும் ஒரே கூரையின் கீழிருந்து பாகங்கள் அனுப்பியிருக்கிறோம். அங்கே இருந்து பார்த்ததில் எனக்குப் பட்டது இதுதான்: இந்தப் பகையை வளர்த்தது வண்டிகளின் தரத்தைவிட ஒரு வரிச்சுவர். அந்தச் சுவர் 60 வருடமாக, கடல் கடந்து வரும் இறக்குமதி பிக்கப்புக்கு வழியைக் குறுக்கி வைத்தது. கார் சந்தை கையைவிட்டுப் போன காலத்திலும் பிக்கப் மட்டும் டெட்ராய்ட்டின் கையிலேயே இருந்தது. கடைசியாக மிஞ்சிய கோட்டை என்பதால் அதன் மேல் அவ்வளவு மானம், அவ்வளவு ரோஷம்.

அந்த வரியின் கதை கோழியில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கப் பண்ணைகள் கோழியைப் பெருமளவில், மலிவாக வளர்க்கக் கற்றுக்கொண்டன. அந்த இறைச்சி மேற்கு ஜெர்மனிச் சந்தையில் குவிந்தது. அங்குள்ள விவசாயிகள் கொதித்தார்கள். 1962-இல் ஐரோப்பியப் பொதுச் சந்தை, இறக்குமதிக் கோழி மீது வரியை ஏற்றியது. அமெரிக்காவின் இழப்பு ஆண்டுக்கு 2.6 கோடி டாலர் என்று கணக்கிடப்பட்டது. அதை ஈடுகட்ட 1963 டிசம்பரில் அதிபர் லிண்டன் ஜான்சன் பதில்வரி போட்டார். உருளைக்கிழங்கு மாவு, டெக்ஸ்ட்ரின் (ஒரு வகை மாவுப் பசைப்பொருள்), பிராந்தி, லைட் ட்ரக் ஆகிய நான்கின் மேலும் விழுந்தது. ட்ரக்குக்கு 25 விழுக்காடு. குறி, ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகன் வேனும் அதன் பிக்கப் வடிவமும். வாகனத் தொழிலாளர் சங்கத் தலைவர் வால்டர் ராய்தருக்கு ஃபோக்ஸ்வேகன் வந்து குவிவது கண்ணில் உறுத்திக்கொண்டிருந்தது. 1964 தேர்தலுக்கு ஜான்சனுக்குத் தொழிலாளர் ஆதரவு தேவைப்பட்டது.

மற்ற மூன்று பொருள்களுக்கும் வரி பின்னாளில் போய்விட்டது. ட்ரக்குக்கு மட்டும் இன்றுவரை நிற்கிறது. 2025-க்கு முன்பு பல பத்தாண்டுகளாக இறக்குமதிக் காருக்கு 2.5 விழுக்காடு, பிக்கப்புக்கு 25. பத்து மடங்கு. இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் மீதிக் கதை தானாகப் புரியும். காரில் டொயோட்டாவும் ஹோண்டாவும் நேருக்கு நேர் மோதி டெட்ராய்ட்டைத் திணறடித்தன. பிக்கப்பில் அந்த மோதல் பல பத்தாண்டுகள் நடக்கவே இல்லை.

சுவர் என்று ஒன்று இருந்தால் சந்து ஒன்றும் இருக்கும். லோடு பாடி பொருத்தாத வெறும் கேபினும் சேஸியுமாக இறக்கினால் வரி 4 விழுக்காடுதான். வண்டியைத் துறைமுகத்தில் இறக்கிவிட்டு, பின்பாதியை இங்கே மாட்டினார்கள். 1972-இல் டொயோட்டா கலிபோர்னியாவின் லாங் பீச்சில் லோடு பாடி செய்யத் தொடங்கியது. அமெரிக்க மண்ணில் டொயோட்டாவின் முதல் உற்பத்தி வேலையே அதுதான். இதில் பலருக்குத் தெரியாத பகுதி, டெட்ராய்ட்டும் அதே சந்தில் நுழைந்தது என்பது. அதே 1972-இல் வந்த செவ்ரோலே லவ், ஜப்பானின் இசுசூ செய்தது. ஃபோர்டு கூரியர், மஸ்டா செய்தது. சில ஆண்டுகள் கழித்து டாட்ஜ் பெயரில் மிட்சுபிஷி பிக்கப் வந்தது. "எங்கள் தாத்தா காலத்திலிருந்து செவிதான்" என்று சொல்லும் குடும்பங்களில் சில, தெரியாமலே இசுசூ ஓட்டியிருக்கின்றன.

சுபரு இன்னொரு வழி கண்டுபிடித்தது. 1978-இல் வந்த பிராட் என்ற குட்டி பிக்கப்பின் லோடு பாடிக்குள், பின்னோக்கிப் பார்த்தபடி இரண்டு பிளாஸ்டிக் இருக்கைகளைப் பற்றவைத்து அனுப்பினார்கள். உட்காருபவர் பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் உண்டு. இருக்கை இருப்பதால் அது பயணிகள் வாகனம், ட்ரக் வரி கிடையாது. ரொனால்ட் ரீகனின் கலிபோர்னியாப் பண்ணையில் அப்படியொரு பிராட் இருந்தது. 1980-இல் சுங்கத்துறை கேபின்-சேஸி என்ற அந்தச் சந்து வழியை அடைத்துவிட்டது.

அதற்குள் ஒரு பிளவு விழுந்துவிட்டது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின், மேற்குக் கரையில் தோட்ட வேலைக்காரர்கள், சிறு ஒப்பந்தக்காரர்கள், கல்லூரிப் பிள்ளைகள் எல்லாம் சிறிய டாட்சனும் (இன்றைய நிசான்) டொயோட்டாவும் வாங்கிப் பழகிவிட்டார்கள். சிக்கனமாக ஓடியது, சீக்கிரம் கெடவில்லை. டொயோட்டாவின் 22ஆர் எஞ்சினைப் பற்றி இன்றும் வயதான மெக்கானிக்குகள் மரியாதையோடு பேசுவார்கள். மத்திய மேற்கிலும் டெக்சாஸிலும் பெரிய ஃபோர்டு, செவி. இது முதலில் ஊருக்கு ஊர், தேவைக்குத் தேவை வந்த வேறுபாடுதான். அதைப் பகையாக்கியது 1980-ஐ ஒட்டிய வேலையிழப்பு.

இந்தப் பகுதியை நான் லேசாகச் சொல்லிவிட்டுப் போக விரும்பவில்லை. டெட்ராய்ட்டிலும் சுற்று வட்டாரத்திலும் லட்சக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். சங்கக் கூட்டங்களில் ஜப்பான் காரை நிறுத்திச் சம்மட்டியால் அடித்து நொறுக்கினார்கள். "வேலை போய்விட்டதா? இன்னும் வெளிநாட்டு வண்டியே வாங்கு" என்ற ஸ்டிக்கர் பம்பர்களில் ஒட்டியிருந்தது. 1982 ஜூனில் வின்சென்ட் சின் என்ற 27 வயது இளைஞரை, திருமணத்துக்குச் சில நாள் இருந்தபோது, இரண்டு பேர் பேஸ்பால் மட்டையால் அடித்துக் கொன்றார்கள். ஒருவர் கிரைஸ்லர் தொழிற்சாலையில் ஃபோர்மேன், மற்றவர் வேலை இழந்த வாகனத் தொழிலாளி. சின் ஜப்பானியர்கூட இல்லை, சீன வம்சாவளி அமெரிக்கர். கொன்றவர்களுக்கு நீதிமன்றம் கொடுத்தது மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பும் 3,000 டாலர் அபராதமும். ஆசிய முகம் கொண்ட எவருக்கும் அந்த ஊரில் அது மறக்கும் சம்பவமில்லை. ஜப்பான் வண்டியை "அரிசி" சேர்த்து இழிவாகச் சொல்லும் ஒரு வழக்கு இன்றும் பார்க்கிங் பேச்சில் காதில் விழும். ஃபோர்டு-செவி ஆட்கள் ஒருவரை ஒருவர் ஓட்டுவது குடும்பக் கிண்டல். இது அந்த ரகம் அல்ல. யாராவது உங்களிடம் அந்தச் சொல்லைச் சொன்னால் சிரித்துவைக்க வேண்டியதில்லை.

கோபத்தின் மிச்சம் பார்க்கிங் இடங்களில் ரொம்ப நாள் இருந்தது. 2005-இல் டெட்ராய்ட்டில் சங்கத் தலைமையகத்தின் பார்க்கிங்கைப் பயன்படுத்தி வந்த மரைன் படை ரிசர்வ் வீரர்களிடம், வெளிநாட்டு கம்பெனி வண்டியை இங்கே நிறுத்தாதீர்கள் என்றார்கள். ஊரே திட்டியதும் பின்வாங்கினார்கள். 2006-இல் ஃபோர்டு தன் டியர்பர்ன் ட்ரக் தொழிற்சாலையில் ஒரு விதி கொண்டுவந்தது: ஃபோர்டு அல்லாத வண்டியில் வரும் தொழிலாளி தெருவுக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு நடந்து வர வேண்டும். செவி வைத்திருந்தாலும் நடைதான்.

இதற்கிடையே ஜப்பான் கம்பெனிகள் சுவரைத் தாண்டுவதை விட்டுவிட்டு உள்ளேயே வீடு கட்டிக்கொண்டன. 1983 ஜூனில் டென்னசியின் ஸ்மர்னாவில் நிசான் தொழிற்சாலையிலிருந்து முதலில் வெளியே வந்தது ஒரு வெள்ளை பிக்கப். கார் தொழிற்சாலையாக நினைக்கப்படும் அந்த இடத்தில் முதலில் ட்ரக் செய்ததற்குக் காரணம் அந்த 25 விழுக்காடுதான். கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் சேர்ந்து நடத்திய தொழிற்சாலையில் 1991 முதல் டொயோட்டா பிக்கப்பும், பிறகு டாகோமா என்ற அதன் நடுத்தர பிக்கப்பும் செய்தார்கள். வேலை செய்தவர்கள் சங்கத் தொழிலாளர்கள்! ஒரு காலகட்டத்து டாகோமா, டெட்ராய்ட்டின் அதே சங்கம் கட்டிய வண்டி.

பெரிய பிக்கப்பில் டொயோட்டா கைவைத்ததும் சண்டை வேறு கட்டத்துக்குப் போனது. மாதிரி வண்டிக்கு டி150 என்று பெயர் வைத்தார்கள். தன் பெரிய பிக்கப்பான எஃப்-150 பெயரோடு உரசுகிறது என்று ஃபோர்டு சண்டைக்கு வந்தது. பெயர் டண்ட்ரா ஆனது. உங்கள் ஊரிலேயே இன்னொன்றைப் பார்க்கலாம். தென் டெக்சாஸின் பிரம்மாண்டமான கிங் ராஞ்ச் பண்ணையின் பெயரில் ஃபோர்டு ஒரு சொகுசு பிக்கப் விற்கிறது. டொயோட்டா அதற்குப் பதிலாக 1794 எடிஷன் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. சான் அன்டோனியோ தொழிற்சாலை நிற்கும் நிலம் 1794-இல் உருவான ஒரு மாட்டுப் பண்ணை. சேணத் தோல் நிறத்தில் இருக்கை, மர வேலைப்பாடு, பண்ணையின் பெயர். பண்ணைக்குப் பண்ணை. ஜப்பான் கம்பெனி டெக்சாஸ்காரரிடம் "நானும் இந்த மண்தான்" என்று சொல்ல எவ்வளவு மெனக்கெட்டிருக்கிறது பாருங்கள்.

சரி, எது உண்மையில் உள்நாட்டு வண்டி? ஷோரூமில் புது வண்டியின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் தாளைப் படியுங்கள். 1992-இல் வந்த சட்டப்படி, 1994 முதல் அதில் சில விவரங்கள் கட்டாயம்: வண்டி எந்த ஊரில் கடைசியாகப் பொருத்தப்பட்டது, எஞ்சின் எந்த நாடு, கியர்பாக்ஸ் எந்த நாடு, பாகங்களில் எத்தனை விழுக்காடு "அமெரிக்கா/கனடா". ஆமாம், கனடாவும் அதே கணக்கில்தான். மெக்சிகோ சேராது. இன்னொன்று, அந்த விழுக்காடு நீங்கள் தொட்டு நிற்கும் வண்டிக்கு உரியதல்ல, அந்த மாடல் வரிசை முழுவதற்குமான சராசரி. ஒரே மாடல் அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் தயாரானால், இரண்டின் தாளிலும் பெரும்பாலும் அதே எண்தான் இருக்கும்.

பழைய வண்டிக்கு அந்தத் தாள் இருக்காது. டாஷ்போர்டின் ஓரத்தில் கண்ணாடி வழியாகத் தெரியும் 17 இலக்க அடையாள எண்ணைப் பாருங்கள். முதல் எழுத்து 1, 4, 5 என்றால் அமெரிக்கா. 2 கனடா, 3 மெக்சிகோ. ஜப்பான் என்றால் ஆங்கில ஜே. உங்கள் ஆபீஸ் பார்க்கிங்கில் ஒரு நடை போனால், 3-இல் தொடங்கும் சில்வராடோவும் ராமும், 5-இல் தொடங்கும் டண்ட்ராவும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதைப் பார்ப்பீர்கள். டொயோட்டாக்காரரும் ரொம்பக் குதிக்க வேண்டாம். இன்றைய டாகோமா முழுவதும் மெக்சிகோவில்தான் தயாராகிறது, டிஹுவானா அருகிலும் குவானஹுவாத்தோவிலும். அலபாமாவின் லிங்கனில் தயாராகும் ஹோண்டா ரிட்ஜ்லைனை எந்த செவிக்காரரும் பிக்கப் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார். ஆனால் அமெரிக்க உள்ளடக்கத்தை வைத்துப் போடும் பட்டியல்களில் அது பல ஆண்டு டெட்ராய்ட் பிக்கப்புகளுக்கு மேலே இருந்திருக்கிறது.

உள்ளே பிரித்துப் பார்த்தால் இன்னும் கலப்படம். செவியின் கனரக பிக்கப்புக்குப் பெருமை சேர்த்த டுராமேக்ஸ் டீசல், இசுசூவோடு கூட்டு வைத்து உருவாக்கியது, ஒஹையோவில் செய்தார்கள். நிசான் டைட்டன் எக்ஸ்டியில் போட்ட டீசல், இண்டியானாவைச் சேர்ந்த கம்மின்ஸ். ராம் பிக்கப்பின் தாய்க் கம்பெனி ஸ்டெல்லாண்டிஸ் நெதர்லாந்தில் பதிவானது.

இத்தனையும் சொன்ன பிறகும், ஃபோர்டு, செவி ஆட்களின் வாதத்தில் ஒரு கனமான பகுதி இருக்கிறது. அதை டொயோட்டாக்காரர்கள் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. வண்டியைப் பொருத்துவது வேலையின் ஒரு பகுதிதான். வடிவமைப்பு, பரிசோதனை, தலைமையகம், லாபம் எங்கே போகிறது என்பதும் கணக்கு. அதைவிடப் பெரியது சம்பளம். எஃப்-150 தயாராகும் டியர்பர்ன், கன்சாஸ் சிட்டி தொழிற்சாலைகளில் சங்கம் இருக்கிறது. சான் அன்டோனியோவில் இல்லை. ஸ்மர்னாவில் 1989-இலும் 2001-இலும் தொழிலாளர் வாக்கெடுப்பில் சங்கம் தோற்றது. 2023 இலையுதிர் காலத்தில் டெட்ராய்ட்டின் மூன்று கம்பெனிகளிலும் சங்கம் வேலைநிறுத்தம் செய்து பெரிய ஊதிய உயர்வு வாங்கியது. சில வாரங்களுக்குள் டொயோட்டா, ஹோண்டா, ஹூண்டாய் எல்லாம் தங்கள் தொழிலாளர்களுக்கும் சம்பளத்தை ஏற்றின. மிச்சிகனில் மறியலில் நின்றவர்களால் டெக்சாஸில் டண்ட்ரா கட்டுபவருக்கும் சம்பளம் ஏறியது. "நான் ஃபோர்டு வாங்குவது சங்கத்துக்காக" என்று ஒருவர் சொன்னால் எனக்கு அவர்மேல் மதிப்புதான். ஆனால் அவர் அதே காரணத்துக்காக, அந்தச் சங்கம் இல்லாத மெக்சிகோ ஊர்தியைவிட மிச்சிகனின் ஃபிளிண்டில் செய்த செவியையும் தேடி வாங்க வேண்டும்.

அடுத்து, உங்கள் டொயோட்டா நண்பரின் "இரண்டு லட்சம் மைல்" பெருமை. எஞ்சின் விஷயத்தில் அதற்கு நியாயம் உண்டு. ஃபோர்டின் 2004-2008 காலத்து 5.4 லிட்டர் ட்ரைட்டன் எஞ்சினில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றும்போது நுனி உள்ளேயே உடைந்து மாட்டிக்கொள்ளும். சாதாரண சர்வீஸ் வேலை, மெக்கானிக்குக்கு ஒரு நாள் வேலையாகிவிடும். ஆனால் டொயோட்டாவுக்கு அடியில் படுத்துப் பார்த்தவர்களுக்கு இன்னொரு கதை தெரியும். 1995-2000 டாகோமாக்களின் ஃபிரேம் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) உள்ளிருந்து துரு பிடித்து அரித்தது. குளிர்காலத்தில் சாலையில் உப்பு தூவும் வடகிழக்கு மாநிலங்களில் நிலைமை மோசம். வெளியே பெயின்ட் பளபளப்பாக இருக்கும். அடியில் போய்ச் சின்னச் சுத்தியலால் தட்டினால், நல்ல ஃபிரேம் கணீரென்று ஒலிக்கும். அரித்த ஃபிரேமில் சத்தம் மந்தமாக வரும், செதில் செதிலாக உதிரும், முற்றிய இடத்தில் சுத்தியல் உள்ளே போய்விடும். 2008-இல் டொயோட்டா அந்த ஃபிரேமுக்கு உத்தரவாதத்தை 15 வருடமாக நீட்டியது. ஓட்டை விழுந்த வண்டியைச் சந்தை மதிப்பைப்போல ஒன்றரை மடங்கு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டது. பிற்பாடு 2005-2010 டாகோமா, 2007-2008 டண்ட்ரா, 2005-2008 செகோயா எஸ்யூவி ஆகியவற்றுக்கு ஃபிரேமையே மாற்றித்தர 2016-இல் நீதிமன்ற வழக்கில் சமரசம் செய்துகொண்டது. அதன் மதிப்பு 340 கோடி டாலர் வரை போகலாம் என்று கணக்கிட்டார்கள்.

அந்த ஃபிரேம்களைச் செய்து கொடுத்தது யார்? டானா என்ற அமெரிக்கக் கம்பெனி. "ஜப்பான் இரும்பு துருப்பிடிக்கும்" என்று செவிக்காரர் சிரித்ததும், "ஜப்பான் தரம்" என்று டொயோட்டாக்காரர் மார்தட்டியதும் ஒரே நேரத்தில் அடிபட்டுப் போகிற இடம் இது. உதிரிபாகத் தொழிலில் இருந்தவர்களுக்கு இதில் ஆச்சரியமே கிடையாது. ஒரு வண்டி எத்தனையோ கம்பெனிகளின் கைவேலை. முன்னால் ஒட்டியிருக்கும் முத்திரை, அந்த வேலையைச் சரிபார்த்தவரின் கையெழுத்து மட்டுமே.

இப்போதைய நிலவரத்திலும் யாரும் சுத்தமில்லை. 2024-இல் டொயோட்டா, எஞ்சினுக்குள் உற்பத்தியின்போது தங்கிய உலோகத் துகள் காரணமாக, டண்ட்ராவையும் அதோடு ஒரே எஞ்சின் கொண்ட லெக்சஸையும் சேர்த்து சுமார் ஒரு லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அடுத்த ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் 6.2 லிட்டர் வி8 எஞ்சினுக்காக சுமார் 6 லட்சம் வண்டிகளை அழைத்தது. அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் எஞ்சின் பேரிங்கில்தான் அடி.

இழுவைத் திறனைப் பற்றி ஒரு செய்தி, ஏனென்றால் ஆபீசில் அடுத்த சண்டை அதில்தான் வரும். ரொம்ப காலம் ஒவ்வொரு கம்பெனியும் தானே ஓர் எண்ணைச் சொல்லிக்கொண்டது. பிறகு எல்லோருக்கும் பொதுவாக ஜே2807 என்ற அளவுமுறை வந்தது. அதில் ஒரு சோதனை, அரிசோனாவில் டேவிஸ் அணையருகே தொடங்கும் ஏற்றம். கொலராடோ ஆற்றங்கரையிலிருந்து 11.4 மைல் மேலேறும் மலைப்பாதை. வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல், ஏசி முழு வேகத்தில், முழுப் பாரத்தோடு டிரெய்லர். அந்த நிலையில் மணிக்கு 40 மைலுக்குக் கீழே போகக் கூடாது. இந்த முறையை முதலில் ஏற்றுக்கொண்டது 2011 டண்ட்ரா. அதனால் விளம்பரத்தில் சொல்லும் எண் சில மாடல்களில் சுமார் ஆயிரம் பவுண்டு குறைந்தது. டெட்ராய்ட் கம்பெனிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே சில வருடம் தள்ளிப்போட்டுத்தான் வந்து சேர்ந்தன. டொயோட்டாவின் நேர்மைக்கு ஒரு சான்றாக நான் இதை எடுத்துக்கொள்கிறேன். 2012-இல் லாஸ் ஏஞ்சலஸில் எண்டெவர் விண்வெளி ஓடத்தை ஒரு பாலத்தின் மேல் டண்ட்ரா இழுத்துப் போனதை ஒரு பேச்சுக்குச் சொல்லலாம், அவ்வளவுதான். சமதளத்தில் சக்கர மேடையில் கால் மைல். மலையேற்றம் வேறு விஷயம். பாரம் இழுப்பதே தொழில் என்றால், கனரக வகையில் டெட்ராய்ட்டுக்குப் போட்டியே இல்லை. டொயோட்டா அந்த வகைக்குள் வரவே இல்லை.

எண்ணிக்கையிலும் அப்படித்தான். ஃபோர்டு எஃப்-சீரிஸ் 1977 முதல் அமெரிக்காவில் அதிகம் விற்கும் பிக்கப். இப்போதும் ஆண்டுக்கு 7 லட்சத்துக்கு மேல் போகிறது. டண்ட்ரா 2023-இல் சுமார் ஒன்றேகால் லட்சம். பெரிய பிக்கப்பில் டெட்ராய்ட், நடுத்தர பிக்கப்பில் டாகோமா என்று சந்தை தானே பிரிந்துவிட்டது.

சுவரின் விலையைக் கொடுத்தது வாங்குபவர்கள்தான் என்பது என் உறுதியான கருத்து. போட்டி இல்லாத இடத்தில் பிக்கப் பெருத்துக்கொண்டே போனது. எரிபொருள் விதிகளும் பெரிய வண்டிக்குத் தளர்வாக அமைந்து அதற்குத் துணைபோயின. ஃபோர்டு தன் சிறிய ரேஞ்சரை 2011 டிசம்பரில் நிறுத்திவிட்டது. சில ஆண்டுகள் சின்ன பிக்கப் வேண்டும் என்பவருக்குப் போக்கிடமே இல்லை. ஃபோர்டு 2021-இல் மாவெரிக்கைக் கொண்டுவந்ததும் ஜனங்கள் வரிசையில் நின்று வாங்கியதைப் பார்த்தால் எத்தனை பேர் காத்திருந்தார்கள் என்று தெரியும். அதுவும் மெக்சிகோவின் எர்மோசியோவில் தயாராகிறது.

இன்று தெருவில் நீங்கள் காணக்கூடிய, கடல் கடந்து வந்த நிஜமான இறக்குமதி பிக்கப் எது தெரியுமா? ஜப்பானின் கெய் ட்ரக். சுசூகி கேரி, டைஹாட்சு ஹைஜெட், ஹோண்டா ஆக்டி, சுபரு சாம்பார். 660 சிசி எஞ்சின், சுமார் 3.4 மீட்டர் நீளம். 25 வயது தாண்டிய வண்டிக்கு அமெரிக்கப் பாதுகாப்பு விதி பொருந்தாது என்பதால், ஜப்பானில் கழித்த பழைய வண்டிகளை 25 விழுக்காடு வரியையும் கட்டி இறக்குகிறார்கள். லோடு பாடியின் நீளம் பெரிய பிக்கப்பின் சின்ன லோடு பாடியோடு போட்டி போடும், மூன்று பக்கமும் மடங்கி இறங்கும். சில மாநிலங்கள் சாலையில் விடமாட்டோம் என்று தடுத்தன. உங்கள் டெக்சாஸ் 2024-இல் பதிவுக்கு வழிவிட்டது. இதை ஓட்டிக்கொண்டு ஆபீசுக்கு வந்தால் ஃபோர்டுக்காரரும் டொயோட்டாக்காரரும் சேர்ந்தே வந்து சுற்றிப் பார்ப்பார்கள்.

உங்கள் வண்டிக்கு வருகிறேன். பழையது வாங்கினால், உப்பு தூவாத டெக்சாஸிலேயே ஓடிய வண்டியாகப் பாருங்கள். வாகன வரலாற்று அறிக்கையில் ஒஹையோ, நியூயார்க், மிச்சிகன் பதிவு இருந்தால், எந்த முத்திரையாக இருந்தாலும் லிஃப்டில் ஏற்றி ஃபிரேமைத் தட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். டாகோமா என்றால், ஃபிரேம் மாற்றும் திட்டத்தில் அந்த வண்டிக்கு வேலை நடந்ததா என்று அடையாள எண்ணைச் சொல்லி டீலரிடம் கேளுங்கள், சொல்லிவிடுவார்கள். புது ஃபிரேம் போட்ட பழைய டாகோமா நல்ல பேரம், ஆனால் விலை கூடுதலாகத்தான் சொல்வார்கள். டிரெய்லர் இழுக்கிற உத்தேசம் இருந்தால் எஃப்-150 எடுங்கள், 2004-2008 ட்ரைட்டனைத் தவிர்த்துவிடுங்கள். இரண்டு பக்கத்துப் பேச்சும் வேண்டாம், பணமும் மிச்சமாக வேண்டும் என்றால் நிசான் ஃபிரான்டியரைப் பாருங்கள். டென்னசியிலும் பிறகு மிசிசிப்பியிலும் தயாரானது, டாகோமாவைவிட மலிவாகக் கிடைக்கும். 2005-2010 மாடல்களில் ரேடியேட்டருக்குள் கூலன்ட் கசிந்து கியர்பாக்ஸ் ஆயிலோடு கலந்து கியர்பாக்ஸையே கெடுக்கும் கோளாறு உண்டு. ஆகவே 2011-க்குப் பிந்தியதாக எடுங்கள், அல்லது ரேடியேட்டர் மாற்றிய பில்லைக் காட்டச் சொல்லுங்கள்.